அரை நொடியில் வந்த பதில்

காலை ஏழு மணிக்கு வீடு அன்றைக்கு வேண்டிய காற்றைக் கேட்டது. "இரண்டு பேர், ஒரு நாள்." அரை நொடியில் காற்று நிலையம் பதில் சொன்னது: "சரி." செவ்வாயின் மண்ணுக்கடியில் இருந்த நாலாயிரம் வீடுகளும் அந்நேரம் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தன. இதற்கு வெளிக்கோரிக்கை என்று பெயர். ஒவ்வொரு வீட்டுச் சுவருக்குள்ளும் வழங்கி என்றொரு கணினி இருந்தது. வெளியே கேட்கவேண்டியதை எல்லாம் அதுதான் கேட்கும். மனிதர்கள் நிலையத்தோடு நேரில் பேசி முப்பது வருடமாகிவிட்டது.

இரவு வேலை முடித்து வந்த தணிகைவேல் காலணியைக் கழற்றியபடி மனைவியிடம் சொன்னான். "கோதை, காற்றுச் சல்லடை அடைச்சுக் கிடக்கு. வேலைக்குப் போறதுக்குள்ள கழுவிப் போட்டுடு."

"சரி."

"உன் சரிக்கு அர்த்தம் தெரியாதா எனக்கு? வாயை மூடிட்டுத் தூங்குன்னுதானே?"

"சரி, சரி" என்று சிரித்துக்கொண்டே பூங்கோதை தோட்டச் சுரங்கத்துக்குக் கிளம்பிவிட்டாள். சல்லடையைக் கழுவவில்லை.

பிற்பகலில் திரும்பி வந்தபோது அவன் ஒருக்களித்துப் படுத்திருந்தான். உடம்பு சில்லிட்டிருந்தது.

பதினோராம் நாள் வழங்கி மேற்பார்வையாளர் எபநேசர் வந்தார். சுவரைத் திறந்து, பதிவுகளை நிதானமாகப் படித்தார்.

"வீட்டு மேல தப்பில்லம்மா. பத்தேகாலுக்குக் காத்து கெட்டதுமே அவசரக் குழுவை அனுப்பச் சொல்லி நிலையத்தைக் கேட்டிருக்கு. ஒன்பது நொடிக்குள்ள பதில் வரலைன்னா திரும்பக் கேட்கும். மூணு தடவையும் வரலைன்னா பக்கத்து வீட்டு மணியை அடிக்கும்."

"மணி அடிக்கலையே சார். நசீமா அக்கா அன்னிக்கு முழுக்க வீட்லதான் இருந்தாங்க. காத்து சிலிண்டரும் வச்சிருந்தாங்க."

"பதில்தான் வந்துடுச்சேம்மா. அரை நொடியில, சரின்னு."

"அப்புறம் ஏன் யாரும் வரலை?"

எபநேசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நிலையத்துல வேலை குவிஞ்சு கிடக்கு. பதில் தாமதமானா எல்லா வீடும் திரும்பத் திரும்பக் கேட்டு அதைத் திணறடிச்சிடும். அதனால முதல்ல சரின்னு சொல்லிடுது. அப்புறம்தான் வரிசையில போடுது. உங்க கோரிக்கை இன்னும் வரிசையிலதான் இருக்கு."

"செய்யாமலே சரின்னு சொல்ல யார் அதுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க?"

"யாரும் சொல்லித் தரலைம்மா. நம்ம வீடுகள்ல நாம பேசுறதைக் கேட்க வச்சுத்தான் அதுக்குத் தமிழ் பழக்கினாங்க. கேட்டவங்க வாயை எந்தச் சொல் சீக்கிரம் அடைக்கும்னு அதுவே கண்டுபிடிச்சுக்கிச்சு."

பூங்கோதை கதவுப் பக்கம் திரும்பினாள். புதுச் சல்லடையை நசீமா மாட்டிவிட்டுப் போயிருந்தாள். பழையது சிவப்புத் தூசியோடு கதவோரம் கிடந்தது.

எபநேசர் சுவரை மூடினார். "மேலிடத்துல சொல்றேன். இனி இப்படி நடக்காது."

"இன்னொண்ணு சார். வீடு தினமும் ரெண்டு பேருக்குக் காத்து கேட்குது. கேட்கவே முடியலை. அதை ஒண்ணாக்கிடுங்க."

"சரிம்மா" என்றார் எபநேசர்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, வீடு இரண்டு பேருக்குக் காற்று கேட்டது.