தலைமுழுக்கு

பெரியப்பாவின் பேர் மட்டும் நனைந்திருந்தது.

மழை கண்டு மாதங்கள் ஆகின்றன. அந்தப் பழைய பாப்டிஸ்ட் கல் கோயிலுக்குள் தூணும் சுவரும் பெஞ்சும் வெயிலில் கிடந்த எலும்பாய்க் காய்ந்திருக்க, போரில் செத்தவர்களின் பேர் வெட்டிய சுவர்க்கல்லில் அந்த ஒரு பேரின் பள்ளங்களில் மட்டும் நீர் கோத்து நின்றது. தையல்காரி விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தாள். பாசி வாசனை. வெகுகாலம் மூடிக்கிடந்த நீரின் வாசனை.

இருட்டத் தொடங்கியிருந்தது. மகனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அவன் அங்கேதான், பிரசங்க மேடைக்குக் கீழே ஒளிந்திருந்தான்.

அந்தக் கோயிலைக் கட்டினவர்கள் பிடிவாதக்காரர்கள். கைக்குழந்தையின் நெற்றியில் நாலு சொட்டுத் தெளித்தால் ஞானஸ்நானம் ஆகாது, விவரம் தெரிந்தவன் தானாக வந்து முழுசாய் முழுக வேண்டும் என்று சண்டை போட்டுப் பழைய சபையை விட்டுப் பிரிந்து, கல்லுடைத்துத் தோளில் சுமந்து எழுப்பினார்கள். அதனால்தான் மேடைப் பலகைக்கு அடியில் ஓர் ஆள் ஆழத்துக்கு அந்தக் கல் தொட்டி. பிறகு போர் வந்தது. தொட்டியில் முழுகி எழுந்த பிள்ளைகள் வரிசையாய்ப் போனார்கள். திரும்பி வந்தது பேர்கள்தான்.

வருஷா வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை மூப்பரான அவள் அப்பா அந்தப் பேர்களை வாசிப்பார். சபை முழுக்க எழுந்து நிற்கும். கடைசியாய்த் தன் அண்ணன் பேர் வரும்போது அவர் குரல் உடையும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவள் அப்பாவை நேசிக்கக் கற்றாள். ஆனால் வீட்டில் பெரியப்பாவைப் பற்றிக் கேட்டால் ஒரே பதில்: "அவனைத் தலைமுழுகிட்டோம்மா." ஓடிப்போனவனைத் தலைமுழுகுவார்கள், கெட்டுப்போனவனைத் தலைமுழுகுவார்கள், வீரனாய்ச் செத்தவனை யார் தலைமுழுகுவார்கள்? துக்கத்தில் வாய் தடுமாறுகிறது, பாவம் என்று நினைத்துக்கொள்வாள்.

இப்போது அடுத்த போர். முந்தாநாள் விடியுமுன் மகன் பின்கதவைத் தட்டினான். கூடப் போன பையன்கள் ஒருவரும் மிச்சமில்லை. துப்பாக்கியைப் போட்டுவிட்டு நடந்தே வந்திருந்தான். தூங்கும்போதும் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிடிபட்டால் சுட்டுவிடுவார்கள். உலகத்தில் ஒரே ஓர் ஆளிடம்தான் அவள் சொன்னாள்.

அப்பா திட்டவில்லை. "தொட்டியில வைம்மா, காலியாத்தானே இருக்கு. கர்த்தர் காலடியில எவன் வந்து தேடுவான்? அந்தப் பட்டாள உடுப்பை எரிச்சிடு. நீ தைக்கிற அங்கியில ஒண்ணைப் போட்டுவிடு, புள்ளைக்குக் குளிரும்."

முழுக்கு எடுப்பவர்களுக்கு வெள்ளை அங்கி தைப்பது அவள் வேலை. தண்ணீரில் துணி மிதந்து மேலே வராமலிருக்க, கீழ் மடிப்புக்குள் ஈயத்துண்டு வைத்துத் தைப்பாள். "ஈயத்தைக் கொஞ்சம் கூட்டியே வை. அடுத்த வாரம் நெட்டையான ஆளு ஒருத்தர் முழுகுறாரு, அவருக்கும் அதே அங்கி ஆகும்" என்றார். அப்பா சொன்னால் அவளுக்கு மறுபேச்சுக் கிடையாது. கூட்டியே வைத்தாள். நூலை இரட்டித்துத் தைத்தாள்.

சுவர்க்கல்லுக்குக் கீழே வெள்ளைத் தூள் சிந்தியிருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். தூணுக்குப் பின்னால் கல் வெட்டுகிறவர் உளிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, பழுது பாக்குறீங்களா?"

"பழுதில்ல தங்கச்சி, புதுப்பேரு." அவர் முகம் இறங்கியது. "மூப்பர் உனக்கு இன்னும் சொல்லலையா? நான்தான் வாயை விட்டுட்டேனா?"

பெரியப்பா பேருக்குக் கீழே ஒரு துணி தொங்கியது. விலக்கினாள். அவள் வயிற்றில் சுமந்தபோதே கூப்பிட்டுப் பார்த்த பேர். எழுத்துகளின் ஓரம் இன்னும் கூராய் இருந்தது.

"மனசைத் தேத்திக்க. கல்லுல ஏறின பேருக்குச் சாவே இல்லை" என்றவர், அவளைத் தேற்றுவதாய் நினைத்து லேசாய்ச் சிரித்தார். "இந்தா, உன் பெரியப்பா பேரை வெட்டினது எங்கப்பாதான். வெட்டி முடிச்ச மறுவாரமே அவரைக் கடைத்தெருவுல உயிரோட பாத்தேன்னு சாகுற வரைக்கும் சாதிச்சாரு. போதையில சொல்றாருன்னு நாங்க கேலி பண்ணுவோம்."

அவர் போய்விட்டார். கதவு மூடியது.

அப்புறம் அந்தச் சத்தம். முதலில் காதுக்குள் இரைவதுபோல. பிறகு குழாயில் காற்று இருமுவதுபோல. கல்லின்மேல் தண்ணீர் கொட்டும் சத்தம். பலகைக்குக் கீழே.

"அப்பா!"

பக்கத்து அறையிலிருந்து அப்பா வந்தார். தண்ணீர்க் குழாயின் திருகு அந்த அறையில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு போட்டிருந்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே முன்பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எம்புள்ளை எங்கப்பா?"

"நீ வெச்ச இடத்துலதான் இருக்கான்."

"தண்ணி விழுதுப்பா..."

"விழட்டும். அவன் பேருக்கு ஊரே எழுந்து நிக்கும்மா. உயிரோட வந்தவனுக்கு எவன் நிப்பான்?" குரல் உடைந்தது. அதே இடத்தில். அதே ஞாயிற்றுக்கிழமைக் குரல். "அண்ணனும் இப்படித்தான் வந்து நின்னான். பேரு கல்லுல ஏறினப்புறம். தலைமுழுகிட்டோம்னு எத்தனை தடவை சொன்னேன். எங்கேன்னு நீ ஒருநாளும் கேக்கலையே."

அவள் மேடைக்கு ஓடினாள். அவள் சும்மா சாத்திவிட்டுப் போன பலகையில் இப்போது பூட்டு. கீழே தட்டும் சத்தம். "அம்மா! கால் எழும்ப மாட்டேங்குது!" அவள் தைத்த ஈயம். அவள் இரட்டித்த நூல்.

இடுப்பில் செருகியிருந்த கத்தரிக்கோலை இடுக்கில் கொடுத்து நெம்பினாள். வளைந்தது. மறுபடி நெம்பினாள். முறிந்தது.

தட்டும் சத்தம் இரண்டு இடத்திலிருந்து வந்தது.

பலகை பூட்டோடு பெயர்ந்து தானாய் எழுந்தது. கீழிருந்து.

கறுத்த தண்ணீர், விளிம்பு வரை. பாசி வாசனை. அதற்குள்ளிருந்து ஒரு கை மேலே வந்தது. பாய்ந்து பற்றினாள். "வந்துடு தங்கம், வந்துடு!" பலங்கொண்ட மட்டும் இழுத்தாள்.

கனத்தது. குளிர்ந்தது.

கையில் வெள்ளைத் துணி இல்லை. முரட்டுத் துணி. நைந்தது. மணிக்கட்டில் ஒரு பித்தளைப் பொத்தான்.

தொட்டியின் மறுகோடியில், இன்னும் மூடிக்கிடந்த பலகைகளுக்கு அடியில் மிச்சமிருந்த கொஞ்சம் காற்றிலிருந்து, மகனின் குரல் வந்தது.

"அம்மா... அது நான் இல்லம்மா."

விடப் பார்த்தாள். அது விடவில்லை. இன்னொரு கை தண்ணீரிலிருந்து எழுந்து, போதகர் முழுக்குக் கொடுக்கும்போது பிடிப்பதுபோல அத்தனை பதமாய், அவள் பின்னங்கழுத்தைத் தாங்கிக்கொண்டது.

அவள் அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா துண்டை மடித்துப் பெஞ்சில் வைத்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டார். தலை குனிந்து, கைகட்டி, எழுந்து நின்றார்.