விடியக்காலத்து இருபத்தேழு

"யாரு இதுல கைய வச்சது?"

பேச்சிமுத்து எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி அதுதான். காப்பி டம்ளரோடு உள்ளே வந்த அய்யம்மாள் சுவரைப் பார்த்தாள். ஏசியில் இருபத்தேழு என்று எரிந்துகொண்டிருந்தது. படுக்கும்போது அவர் தன் கையால் பதினெட்டு வைத்துவிட்டுப் படுத்தது அவளுக்கும் தெரியும்.

"நான் தொடலைங்க."

"நீயும் தொடலை, நானும் தொடலை. பொறவு அதுவா மாத்திக்கிருச்சாக்கும்? எட்டு நாளா இதே கூத்தாப் போச்சு. பனியனைப் பாரு, பிழிஞ்சா தண்ணி வரும்."

சத்தம் கேட்டு இளைய மருமகள் காளீஸ்வரி வந்து கதவோரம் நின்றாள். "அத்தை, உங்களுக்குக் குளிருதுன்னா ஹால்ல வந்து படுங்க. மாமாவுக்கு ஸ்டென்ட் வச்சு எட்டு மாசம் ஆகலை. வேர்க்க விடாதீங்கன்னு டாக்டர் சொன்னது உங்களுக்கு மட்டும் மறந்து போச்சா?"

முப்பத்தஞ்சு வருஷம் அந்த மனுசனுக்கு மில்லு ஷிப்டு பார்த்துச் சோறு கட்டிக் கொடுத்தவளைக் கேட்கிற கேள்வியா இது? ஆனால் காளீஸ்வரியையும் குறை சொல்ல முடியாது. அய்யம்மாளுக்கு இளைப்பு உண்டு. விடியக்காலம் குளிர் பட்டால் நெஞ்சு விசிலடிக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கிறவளும் அவள்தான். சந்தேகப்பட வேறு யார் இருக்கிறார்கள்?

"நான் ஏம்மா பொய் சொல்லப் போறேன்…" என்றாள். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவோம் என்று டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பத்து மணிக்கு மெக்கானிக் சுப்புராஜ் வந்தான். ஸ்டூலில் ஏறி ஏசியைத் திறந்து பார்த்தான். ரிமோட்டில் புது பேட்டரி போட்டான். டைமர் ஏதும் வைத்திருக்கிறதா என்று பார்த்தான். ஒன்றும் இல்லை. கடைசியில் தன் போனை எடுத்து எதையோ தட்டிக்கொண்டே கேட்டான்.

"ஏம்மா, வீட்டுல புதுசா வைஃபை போட்டீங்களா?"

"மூணு வருஷமா வேண்டாம்னு நிறுத்தி வச்சிருந்தோம்ப்பா. பிள்ளைக்குப் படிக்கணும்னு சின்னவன் போன வாரம்தான் மறுபடி எடுத்தான்."

"அதான் விஷயம். பழைய பெட்டி, பழைய பாஸ்வேர்டு. ஏசி தானாப் போய் ஒட்டிக்கிருச்சு. யாரோ போன்ல இருந்து இதை மாத்துறாங்க. ஏற்கெனவே ஒரு நம்பர்ல பதிஞ்சிருக்கு. முழுசாக் காட்ட மாட்டேங்குது, கடைசி நாலு மட்டும் தெரியுது. எழுபத்தொண்ணு, நாப்பத்தாறு. உங்க வீட்டு ஆளுதானா?"

அய்யம்மாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அது சதீஷின் நம்பர். அவள் மூத்த பிள்ளையின் நம்பர்.

அந்த வீட்டில் எதற்கு நம்பர் கேட்டாலும் பேச்சிமுத்து ஒரே பதில்தான் சொல்லுவார்: மூத்தவன் நம்பரைப் போடு. கேஸ் புக், ரேஷன் கார்டு, கரண்ட் கனெக்‌ஷன் எல்லாம் அவன் நம்பர்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் சர்ச்சுக்குப் போகிற கேத்ரினைக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, வேதக்காரப் பொண்ணு இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்றார். "அவதான் வேணும்னா எனக்கு ஒரே மகன்தான்" என்றும் சொன்னார். அவன் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டான். அந்த வாரமே ஒவ்வொன்றாக நம்பரை மாற்றினார். ஏசியை மறந்துவிட்டார். ஏசிக்கெல்லாம் நம்பர் இருக்கும் என்று யாருக்கு ஞாபகம் வரும்?

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் என்ன பெரிய தூரமா? அரை மணி நேர பஸ். ஆனால் அய்யம்மாள் போகவில்லை, போனும் பண்ணவில்லை. முதலில் அவர் கோபத்துக்குப் பயந்தாள். பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் அவள் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார். அவனைப் பார்க்க மாட்டேன், பேச மாட்டேன். நெஞ்சில் கம்பி வைத்துக் கிடக்கிற புருஷன் தலையில் அடித்த சத்தியத்தை எப்படி மீறுவது? ஸ்ரீவில்லிபுத்தூர் போர்டு போட்ட பஸ்ஸைப் பார்க்கும் போதெல்லாம் அது மறையும்வரை நின்று பார்ப்பாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

"ஒரு நிமிஷ வேலைம்மா," என்றான் சுப்புராஜ். "ரீசெட் பண்ணி அந்த நம்பரைத் தூக்கிட்டாப் போதும். பொறவு ஒருத்தரும் தொட முடியாது."

"தம்பி…" அவள் குரலை இறக்கினாள். "எடுக்காத ராசா. உனக்குப் புண்ணியமாப் போகும். அது அப்படியே இருக்கட்டும்."

"அப்ப வெளியில கேட்டா நான் என்னம்மா சொல்ல?"

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்லைன்னு சொல்லு. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

ஹாலுக்குப் போய் எல்லோர் முன்னாலும் அவளே சொன்னாள். "நாந்தாங்க மாத்துனேன். குளிரு தாங்கலை… சொன்னா ஏசுவீங்கன்னு சொல்லலை."

காளீஸ்வரி தலையிலடித்துக்கொண்டாள். "இம்புட்டு நாளும் தொடலை தொடலைன்னு சாதிச்சீங்களே அத்தை. மாமா உசுரை விடவா உங்களுக்கு ஒரு போர்வை பெருசாப் போச்சு? மாமா, இனிமே ரிமோட்டு உங்க தலகாணிக்கு அடியிலயே இருக்கட்டும்."

பேச்சிமுத்து ரிமோட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் திட்டியிருந்தால்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

ஆனாலும் அன்றிலிருந்து அவளுக்கு விடியக்காலம் என்பது வேறாகிவிட்டது. நாலரை மணிக்கு முழிப்பு வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பாள். 'கீச்' என்று ஒரு சத்தம். பதினெட்டு இருபத்தேழாகும். பழைய ஓட்டு வீட்டில் இருந்தபோது, இந்த நேரத்துக்கு எழுந்து அம்மாவுக்காக ஃபேனைக் குறைத்துவிட்டுப் படுக்கிற பிள்ளை அவன். எம்பிள்ளை எந்திரிச்சிருக்கான், என்று நினைத்துக்கொள்வாள். இளைச்சானா, பெருத்தானா, அந்தப் பொண்ணு அவனுக்கு நேரத்துக்குச் சோறு போடுதா, ஒன்றும் தெரியாது. எந்திரிச்சிருக்கான், அது தெரியும். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுவாள். சத்தியத்தை மீறவில்லை. பார்க்கவும் இல்லை, பேசவும் இல்லை. இருந்தும் ஒவ்வொரு நாளும் பிள்ளை வந்து போர்த்திவிட்டுப் போனான்.

ரிமோட் தலையணைக்கடியில் இருந்தும் காலையில் இருபத்தேழு காட்டியது. இன்றைக்குக் கத்தப் போகிறார் என்று அவள் தினமும் பயந்தாள். அவர் கத்தவில்லை. சாயங்காலமானால் மட்டும் பிடிவாதமாகப் பதினெட்டு வைத்தார். வயசானால் வருகிற வீம்பு என்று விட்டுவிட்டாள்.

இருபது நாள் இப்படிப் போனது. அப்புறம் ஒரு நாள் அந்தச் சத்தம் வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. அடுத்த இரண்டு நாளும் பதினெட்டிலேயே விடிந்தது. வைஃபை வேலை செய்கிறதா என்று காளீஸ்வரியிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டாள். செய்கிறது என்றாள். அப்படியென்றால் பிள்ளைக்குத்தான் என்னமோ. காய்ச்சலா? வண்டியில் விழுந்தானா? இளைப்பு ஏறி, மூச்சு வாங்க வாங்க, அவள் அந்தக் குளிரிலேயே கிடந்தாள். எழுந்து ஹாலுக்குப் போகலாம்தான். போனபிறகு சத்தம் வந்துவிட்டால்?

மறுநாள் காலை குளித்து, நல்ல சேலை கட்டி, ஒரு பையைக் கையில் எடுத்துக்கொண்டு பேச்சிமுத்து முன்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, எங்கிட்ட வாங்குன சத்தியத்தைத் திருப்பி வாங்கிக்கோங்க. நான் எம்பிள்ளையைப் பாக்கப் போறேன்."

காளீஸ்வரி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"அன்னைக்கு நான் சொன்னது பொய்யி. ஏசியை மாத்துனது உங்க மூத்தவன். எனக்குக் குளிரும்னு அங்க இருந்து மாத்துனான். நம்பரை எடுத்துருவாங்கன்னுதான் பழியை நான் போட்டுக்கிட்டேன். நாலு நாளா மாறலைங்க. அவனுக்கு என்னமோ ஆகிப்போச்சு…"

"நாலு இல்ல," என்றார் பேச்சிமுத்து. "இன்னையோட அஞ்சு."

அய்யம்மாள் அவரையே பார்த்தாள்.

"சுப்புராஜு நம்பரைச் சொன்னப்ப கதவுகிட்டதான் நின்னேன். எனக்குத் தெரியாதா எம்பிள்ளை நம்பரு?" அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பதினெட்டு வச்சாத்தானே ஏட்டி அவன் மாத்துவான். நானா கூட்டி வச்சுட்டா அவனுக்கு என்ன சோலி இருக்கு?"

அவள் பையைத் தரையில் வைத்தாள். "தெரிஞ்சுமா என்னைப் பேசவிட்டீங்க? ஊரான் வீட்டுப் பொண்ணு முன்னால கள்ளி மாதிரி நின்னேனே… ஒரு வார்த்தை, அவ செய்யலைன்னு ஒரு வார்த்தை உங்க வாயில வரலையே."

"ஒத்துக்கிட்டா அவனைக் கூப்பிடணும்லா. 'போ'ன்னு சொன்ன வாயி… 'வா'ன்னு சொல்ல வரலை." கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகளிடம் திரும்பினார். "அத்தை மேல தப்பு இல்ல தாயி. அம்புட்டும் எம்மேலதான்."

காளீஸ்வரி உள்ளே போய் இளைப்பு மருந்தை எடுத்து வந்து அத்தையின் பைக்குள் வைத்தாள். "வெயிலுக்கு முன்னால கிளம்புங்க அத்தை," என்றாள்.

பேச்சிமுத்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும் அவர் முன்னால் நடந்தார். யாரிடமும் வழி கேட்கவில்லை. இரண்டு தெரு திரும்பி ஒரு பச்சைக் கதவு முன்னால் நின்று, தட்டாமல் நின்றுகொண்டிருந்தார். அய்யம்மாள்தான் தட்டினாள்.

திறந்தது சதீஷ். நன்றாகத்தான் இருந்தான். பல் விளக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"ஏன்யா மாத்தலை?" என்றாள். மூன்று வருஷம் கழித்து அவனிடம் கேட்க அவளுக்கு வந்தது அதுதான். "அஞ்சு நாளா ஏன்யா மாத்தலை?"

"அம்மா… போன் தொட்டித் தண்ணில விழுந்துருச்சும்மா. சரி பண்ணக் குடுத்துருக்கேன்… உனக்கு இளைப்பு வந்துருக்கும்னு தினமும்…" அவள் அவன் தலையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதாள். வாய்க்குள் துணி அடைக்காமல் அழுது எத்தனை நாளாயிற்று.

சத்தம் கேட்டு வந்த கேத்ரின் தெருவில் நின்ற பேச்சிமுத்துவைப் பார்த்தாள். அவசரமாகச் சேலையைச் சரிசெய்துகொண்டு, "உள்ள வாங்க மாமா," என்றாள்.

அவர் படி ஏறவில்லை. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். மகனைப் பார்த்தார், அந்தப் பொண்ணைப் பார்த்தார்.

"அஞ்சு நாளா வீட்டுல ஒரே குளுருலே," என்றார். "ரெண்டு பேருமா வந்து என்னன்னு பாருங்க."