ஆலப்பாக்கம் தாண்டிட்டோம்

படுக்கையறை ஜன்னலின் அடிச்சட்டத்தில் ஓர் ஈரத்துண்டு செருகியிருந்தது.

ஜெனிட்டா அதை உடனே கவனிக்கவில்லை. கட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, பெங்களூர் குளிருக்கு ஸ்வெட்டர் வேண்டுமா, சால்வை போதுமா என்று தனக்குத்தானே வழக்காடிக்கொண்டிருந்தாள். தீபாவளி நாளைக்குத்தான். ஆனால் செம்மண்டலத்துப் பிள்ளைகள் அதற்கெல்லாம் காத்திருக்கிற ஜாதி இல்லை. மத்தியானத்திலிருந்தே சரம் சரமாகக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். மருந்துப் புகை தொண்டையைக் கரகரவென்று அரிக்க, ஜன்னல் சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்க்கப் போனவளின் கையில் ஜில்லென்று ஏதோ பட்டது. வெள்ளைப் பூத்துண்டு. நனைத்துப் பிழிந்து, கயிறாக முறுக்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இடுக்கு தெரியாமல் விரலால் அழுத்தி அழுத்தி அடைத்திருந்தது.

அது அவளுடைய அக்கா சவரிமேரியின் பழக்கம். அக்காவுக்கு வீசிங். ஊரெல்லாம் மத்தாப்பு கொளுத்தும்போது அவள் மட்டும் துண்டு துண்டாக நனைத்து வீட்டையே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் செத்தபின் வருகிற இரண்டாவது தீபாவளி இது.

வேலைக்கார ராசம்மாள் செய்திருப்பாள் என்று ஜெனிட்டா தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொன்னால்கூட மேஜைக்கு அடியில் துடைக்காத ராசம்மாள். அதுவும் அவள் காலையிலேயே வந்துபோய்விட்டாள். இப்போது விளக்கு வைக்கிற நேரம், துண்டு இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஜெனிட்டா அதை உருவிக் குளியலறை வாளியில் போட்டுவிட்டுக் கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

போன் அடித்தது. சிதம்பரத்திலிருந்து மரிய அருள்.

"ஆபீஸ்லேர்ந்து கெளம்பிட்டேன் ஜெனி. வந்ததும் வண்டிய திருப்பிடறேன், நீ பெட்டியோட ரெடியா இரு. ராத்திரி ஓசூர்ல ரூம் போட்டாச்சு. காலைல நேரா நந்தி ஹில்ஸ் பக்கம், திராட்சத் தோட்டம். சுத்திக் காட்டிட்டு வகை வகையா வைன் ஊத்திக் குடுப்பாங்களாம். சாயங்காலம் மொட்டமாடி ரெஸ்டாரண்டு. டேபிள் சொல்லிட்டேன், ரெண்டு பேருக்கு."

"சரி மாமா," என்றாள்.

அக்கா புருஷனாக இருந்தபோதும் அவர் மாமாதான்; இவள் புருஷனான பிறகும் மாமாதான். ஊர் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. அக்கா போனபின் தங்கை வந்து குடும்பத்தைத் தாங்கினாள் என்று பங்குச் சாமியார்கூடப் பாராட்டினார். அந்தப் பாராட்டு அவளுக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

தீபாவளியோடு சேர்ந்து நாலு நாள் லீவு. எங்கே போகலாம் என்று அருள் கேட்டபோது பெங்களூர் என்று சொன்னது இவள்தான். சொன்ன பிறகுதான் உறைத்தது, அது அக்கா வருஷா வருஷம் கேட்டது என்று. "இந்தப் பொகைய உட்டு எங்கனா கூட்டிம் போங்களேன், பெங்களூர் போலாம்" என்பாள். அடுத்த வருஷம் என்பார் அருள். அக்காவுக்குத் தெரிந்த வைன் எல்லாம் கிறிஸ்துமஸுக்குப் பீங்கான் ஜாடியில் கறுப்புத் திராட்சையும் கிராம்பும் போட்டு அவளே ஊற வைத்ததுதான். ஜாடி இன்னும் பரணில் கிடக்கிறது.

மறுபடி போன். ஓல்ட் டவுனிலிருந்து அம்மா.

"சனிக்கெழம கல்லறத் திருநாளுக்கு நீங்க இருக்க மாட்டீங்கன்னு நான் இன்னிக்கே போயிட்டு வந்துட்டேன்டி. புல்லு புடுங்கி வெள்ளையடிச்சாச்சு. மழைல மண்ணு கொஞ்சம் உள்ள எறங்கிப்போயிருக்கு."

"என்னம்மா பண்றது, மாமாவுக்கு ட்ரெயினிங் இப்பதான் வெச்சிருக்காங்க." பொய் வாய்க்குள் வழவழவென்று வந்தது. பழகிய வாய்.

"நீ நேத்து சொன்னத அவகிட்டயும் சொல்லிட்டேன்."

"யாருகிட்ட?"

"மேரிகிட்டதான். தங்கச்சியும் மாப்ளயும் பெங்களூர் போறாங்கடின்னு சொன்னேன். பாவம், எவ்ளோ ஆசப்பட்டா. கோச்சிக்க மாட்டா, நீ நல்லபடியா போயிட்டு வா."

போனை வைத்த பிறகு வீடு முன்னைவிட அமைதியாக இருந்தது. தெருவில் வெடி ஓய்ந்த ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் அது கேட்டது. மெல்லிய, நீண்ட விசில். நின்றது. மறுபடி இழுத்தது. ஓட்டை விழுந்த பீப்பியைக் குழந்தை விடாமல் ஊதுவதுபோல், கூடத்துப் பக்கமிருந்து.

அந்தச் சத்தத்தோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள் ஜெனிட்டா. ஃபேன் சத்தம் என்றோ குக்கர் என்றோ தன்னை ஏமாற்றிக்கொள்ள அவளால் முடியவில்லை.

அக்கா போன அன்றைக்கும் தீபாவளிக்கு முந்தின சாயங்காலம்தான். அப்போது இவளுக்குச் சிதம்பரத்தில் ஒரு காலேஜில் வேலை. பஸ்ஸில் இடிபட வேண்டாம், மாமாவோடு காரில் போ என்று ஏற்பாடு செய்ததே அக்காதான். குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போனாலும், பின்சீட்டில் இவளுக்குக் குமட்டும் என்று முன்சீட்டைக் கொடுத்துவிட்டுத் தான் பின்னால் போய் உட்காருவாள். அந்த முன்சீட்டில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அன்று சிதம்பரத்தில் ஒரு ஏ.சி. ஹோட்டலின் மூலை மேஜை. ஆர்டர் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கூப்பிட்டாள். "பொக ஜாஸ்தியா இருக்குடி. மூச்சுக்கு அடிக்கிற பம்பு தீந்துபோச்சு. எங்க இருக்கீங்க? ஆட்டோ எதுனா வரச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போயிடட்டா?" அருள் கண்ணைக் காட்டினார். இவள் சொன்னாள்: "ஆலப்பாக்கம் தாண்டிட்டோம்க்கா. இருபது நிமிஷந்தான். ஆட்டோ எதுக்கு, பொறுத்துக்க."

அதற்குப் பிறகுதான் பிரியாணியே வந்தது. சாப்பிட்டார்கள். ஐஸ்கிரீமும் சாப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா கூடத்து நாற்காலியில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பத் தயாராக, காலில் செருப்பு, மடியில் கைப்பை, கையில் ஈரத்துண்டு. உடம்பு குளிர்ந்திருந்தது. தங்கை சொன்னதை நம்பிக் காத்திருந்து செத்திருந்தாள். இது இரண்டு பேருக்கு மட்டும் தெரியும் என்று ஜெனிட்டா இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

பெட்டியை மூடினாள். கூடத்தைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். கரண்ட் போயிற்று. இருட்டில் விசில் இன்னும் தெளிவாகக் கேட்டது. சுவரைத் தடவிக்கொண்டு குளியலறையைக் கடந்தாள். போன் வெளிச்சத்தில் வாளி தெரிந்தது. காலி. துண்டு இல்லை. கூடத்து நாற்காலி சுவரோரம் இல்லை. வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

ஓடினாள்.

தெருவில் நின்றுகொண்டு அருள் வரும்வரை வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் வந்து பூட்டிவிட்டுப் பெட்டியை டிக்கியில் வைத்தார். "என்னடி பேயறஞ்ச மாதிரி நிக்கிற? ஏறு." ஏறினாள். முன்சீட்டில்.

கார் நெல்லிக்குப்பம் ரோட்டில் ஓடியது. அருள் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தார். இரண்டு பக்கமும் புஸ்வாணம், சங்குசக்கரம், கரும்புத் தோட்டங்களின் மேல் பாலாடையாய்ப் படிந்த புகை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டார்.

"மாமா," என்றாள் ஜெனிட்டா. "அன்னிக்கு நாம அக்காகிட்ட சொன்னத அம்மாகிட்ட சொல்லிடலாமா? என்னால முடியல மாமா."

"ஆரம்பிக்காத. இந்த நாலு நாளு அவ பேச்சே வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதுதான் கடைசிச் சந்தர்ப்பம் என்று ஏனோ தோன்றியது. கழுத்தின் பின்னால் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. ஏ.சி.யாக இருக்கும். இன்னொரு சொட்டு. சோப்புப் போட்டுப் பிழிந்த துண்டின் வாசனை. அதற்கடியில் ஈர மண்ணும் புதுச் சுண்ணாம்பும்.

விசில் மறுபடி கேட்டது. மிக அருகில். பின்னாலா? இல்லை. அவள் நெஞ்சுக்குள்.

மூச்சை இழுத்தாள். பாதி வந்தது. மறுபடி இழுத்தாள். அதுவும் வரவில்லை. அருளின் கையைப் பிடித்தாள்.

"ஜெனி? என்னடி? ஜெனி!" அவர் பதறிப்போய் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். "பண்ருட்டி வந்துட்டோம்டி, ஆஸ்பத்திரி இருக்கு. வந்துட்டோம், வந்துட்டோம்."

கண்ணாடியை இறக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். அவர் சுவிட்சை அழுத்தினார். இறங்கவில்லை. மேல் இடுக்கில் ஏதோ வெள்ளையாக அடைத்திருந்தது.

பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைத் தட்டிக் கொடுத்தது. ஈரமான கை. ஆதரவாக. குரலில் கோபமே இல்லை.

"ஆலப்பாக்கம் தாண்டிட்டோம்டி. இருபது நிமிஷந்தான். பொறுத்துக்க."

அருளின் பாட்டு எப்போதோ நின்றிருந்தது. வாய் திறந்தபடி இருந்தது. அவர் கண் ரோட்டில் இல்லை. நடுக் கண்ணாடியில் போய் நிலைகுத்தியிருந்தது. கார் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

ஜெனிட்டாவும் பார்த்தாள்.

பின்சீட்டில், ஊருக்குக் கிளம்பியவளாய், காலில் செருப்பும் மடியில் கைப்பையுமாக அக்கா. நனைத்துப் பிழிந்த துண்டுகளைக் கைப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, முறுக்கி, கார்க் கதவின் இடுக்குகளில் விரலால் அழுத்தி அழுத்தி அடைத்துக்கொண்டிருந்தாள்.