ஒரு பள்ளம் மேற்கே

மத்தியானச் சோறு ஆறிப்போயிற்று. விடிந்ததும் மலைக்குள் போன காளிங்கன் இன்னும் வரவில்லை. அவன் மனைவி பவளக்கொடி வாசலுக்கும் அடுப்படிக்குமாக அலைந்த அலைச்சலை, எதிர்வீட்டார் புளி உடைக்கிற சாக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பவளத்தின் குணம் கொல்லிமலையில் அந்தத் தெருவுக்கே தெரியும். எதுவும் கலைந்து கிடந்தால் அவளுக்குப் பொறுக்காது. கடனாக உப்பு வாங்கப் போன வீட்டிலும் டப்பாக்களை அடுக்கி வைத்துவிட்டுத்தான் திரும்புவாள். இந்த முறை அவள் கண்ணில் பட்டது ஆண்பிள்ளைகளின் செல்போன்.

தேன் வேட்டைக்குப் போகிற ஆட்கள் ஆளுக்கொரு போனில் மேப்பு வைத்திருந்தார்கள். அதில் போட்ட குறிகளுக்கு அவர்கள் வைத்த பெயர்களைக் கேட்க வேண்டுமே! ‘இங்க’, ‘இங்கதான்’, ‘நேத்துப் பாத்தது’. பவளம் எல்லாவற்றையும் ஒரே மேப்பில் சேர்த்தாள். தேன்பாறைக்குச் சிவப்பு, சுனைக்கு நீலம், ஆபத்துக்குக் கறுப்பு. டவர் கிடைக்காத இடத்திலும் திறக்கும்படி புருஷன் போனில் ஏற்றியும் கொடுத்தாள். ஒரு வாரம் அதே பெருமைதான்.

காளிங்கன் அந்த மேப்பை நம்பித்தான் போனான். அவள் அண்ணன் நல்லணன் புதிதாகக் கண்டுபிடித்த தேன்பாறைக்கு வழி பார்த்து வைப்பதாகத் திட்டம். கயிறோடு மறுநாள் போவதாக இருந்தார்கள்.

பொழுது சாயத் தொடங்கியபோது நல்லணன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான். பவளம் சமாசாரத்தைச் சொல்லி மேப்பைக் காட்டினாள். அவன் முகம் மாறியது.

“பாறை மேலயே குறி இருக்கே. யாரு நகத்துனது?”

“நாந்தான். நீ போட்ட குறி மரவள்ளிக் காட்டுல இருந்துச்சு. சாட்டிலைட் படத்துல பாத்தேன். மரவள்ளிக் காட்டுல எவனாவது தேன் எடுப்பானா?”

நல்லணன் தலையில் கை வைத்தான். தேன் எடுப்பவர்கள் தேன்பாறையை ஒருநாளும் சரியான இடத்தில் குறிப்பதில்லையாம். ஒரு பள்ளம் கிழக்கே தள்ளித்தான் குறி போடுவார்களாம். போனைத் திருடுகிறவன் மரவள்ளிக் காட்டில் போய் நிற்கட்டும் என்று. தங்கள் ஆட்கள் குறியிலிருந்து ஒரு பள்ளம் மேற்கே போனால் போதும். இந்தத் தேன் சூட்சுமத்தைப் பெண்கள் காதில் போடுவதில்லை என்பதால் பவளத்துக்கு யாரும் சொல்லவில்லை.

பவளம் மேப்பை மேற்கே நகர்த்திப் பார்த்தாள். அப்படியானால் காளிங்கன் தேன்பாறையையும் தாண்டிப் போயிருப்பான். அங்கே ஒரு குறிகூட இல்லை.

“அங்க என்ன இருக்கு அண்ணே?”

“வழுக்குப் பள்ளம். போனவன் திரும்பி வந்தாத்தானே குறி போடுவான்.”

அவள் சோற்றுச் சட்டியை மூடக்கூட இல்லை. கலைந்ததைக் கலைந்தபடி போட்டுவிட்டு அவள் கிளம்பியது அன்றைக்குத்தான்.

ஓட்டமும் நடையுமாக ஏறினார்கள். மஞ்சு இறங்கி முன்னால் போகிறவன் முதுகை மறைத்தது. சிவப்புக் குறியை எட்டியபோது தலைக்கு மேல் பாறையில் கறுப்புக் கறுப்பாகத் தேனடைகள் தொங்கின. அவள் நகர்த்தி வைத்த இடம் இம்மி பிசகாமல் சரி! அது சரியாக இருந்ததால்தான் காளிங்கன் இந்தப் பாறைப் பக்கமே வராமல் நேரே அடுத்த பள்ளத்துக்குப் போயிருந்தான். அங்கே ஆளும் இல்லை, செருப்புத் தடமும் இல்லை.

அடுத்த பள்ளத்தின் விளிம்பில் நின்று நல்லணன் கூவினான். பதில் இல்லை. பவளம் கூவினாள். அடியிலிருந்து ஒரு எரிச்சல் குரல் எழுந்தது.

“மச்சான், நீ குறி போட்ட லட்சணத்துல தீயை வைக்க!”

பாதிச் சரிவில், ஒரு வேர் முடிச்சில் ஒட்டிக்கொண்டிருந்தான் காளிங்கன். ஒரு கை அசையவில்லை. கயிற்றைப் போட்டாலும் அவனால் கட்டிக்கொள்ள முடியாது. யாராவது இறங்க வேண்டும். அவள் எடையை நல்லணன் தாங்குவான், அவன் எடையை அவள் தாங்க மாட்டாள். பவளம் சேலையை வரிந்து கட்டினாள்.

தேனுக்கு இறங்கும்போது மச்சான்தான் கயிறு பிடிப்பது வழக்கம். தங்கச்சி தாலிக்காகவாவது விடமாட்டான் என்ற கணக்கு.

“தொங்கப் போறதே தங்கச்சின்னா, நீ விடமாட்டேன்னு என்ன நிச்சயம்?” என்றாள், முடிச்சை இழுத்துப் பார்த்தபடி.

“ஆத்தாகிட்ட நான்ல பதில் சொல்லணும். எறங்கு.”

கல் உருண்டது. பிடித்த புல் கையோடு வந்தது. வேரைத் தொட்டதும் அவனைத் தன்னோடு சேர்த்துக் கட்டினாள். அவன் மச்சானைத் திட்டி முடிக்கக் காத்திருந்து, “குறிய நகத்துனது நாந்தான்” என்றாள். காளிங்கன் கயிற்றைப் பார்த்தான், கீழே பள்ளத்தைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான். அந்த நேரத்தில் அதுதான் புத்தி.

மரத்தில் ஒரு சுற்றுப் போட்ட கயிற்றை நல்லணன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்க, இவள் காலால் உந்த, மூவரும் மேலே வந்து விழுந்தார்கள்.

காளிங்கனின் கை எலும்பு கூடியதும் அந்தப் பாறைத் தேன் தகரம் தகரமாக இறங்கியது. புளி உடைத்த வீட்டுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. இப்போதெல்லாம் பவளம் யார் வீட்டு டப்பாவைத் தொடுவதானாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடுகிறாள். சிவப்புக் குறியைத் தன் கையாலேயே மரவள்ளிக் காட்டுக்குத் திருப்பிவிட்டாள்.

வழுக்குப் பள்ளத்தில் மட்டும் புதிதாக ஒரு கறுப்புக் குறி இருக்கிறது. அதற்கு அவள் வைத்த பெயர்: ‘இது நெசம்’.