மஞ்சள் கோடு மினுமினுத்தது!

டிரிங்... டிரிங்... டிரிங்...

அலுமினியம் அறுக்கும் மெஷின் போட்ட கூச்சலில், போன் அடித்தது யார் காதிலும் விழவில்லை.

நான்காவது முறை அடித்தபோதுதான் பட்டறைக்காரி மெஷினை நிறுத்தினாள். கையுறையைக் கழற்றி போனை எடுத்தாள்.

"ஹலோ..."

"பல் டாக்டர் வீட்டு மாடியில பந்தல் போட்டது நீதானே?"

"பந்தல் இல்லைங்க, பெர்கோலா. அலுமினியத்துல செய்யற நிழல் கூரை. போன மாசம் போட்டேன். யாரு பேசறது?"

"இன்ஸ்பெக்டர். உன் பெர்கோலா இன்னிக்குக் காலையில விழுந்திடுச்சு."

"விழுந்திடுச்சா?! சார், அது விழாது!"

"விழுந்ததும் இல்லாம டாக்டர் தலையிலயே விழுந்திருக்கு. ஆள் குளோஸ்! பத்து நிமிஷத்துல இங்க இருக்கணும். இல்லைன்னா ஜீப் அங்க வரும்!"

டொக்.

பதினோரு வருடமாக இந்தத் தொழில். மாடியிலும் தோட்டத்திலும் இருநூறுக்கு மேல் பெர்கோலா நிறுத்தியிருக்கிறாள். ஒரு திருகு கூட உதிர்ந்ததில்லை.

தொழிலில் இருப்பவர்கள் அவளை 'மஞ்சக்கோடு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கி முடித்ததும், போல்ட்டின் தலையிலிருந்து அது உட்கார்ந்திருக்கும் தகடு வரை ஒரே இழுப்பில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போடுவாள். கோடு நேராக இருந்தால் போல்ட் அசையவில்லை. கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால், அசைந்துவிட்டது. அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அந்தக் கோட்டில்தான் அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள்.

இன்றைக்கு அந்தத் தூக்கத்துக்கு ஆபத்து!

*

மொட்டை மாடி.

வெள்ளைத் துணிக்கு அடியில் டாக்டர். அவருக்குப் பக்கத்தில் ஐந்து மீட்டர் நீளத்தில் கறுப்பு அலுமினிய உத்திரம், சுருட்டுத் திரையோடு கிடந்தது.

ஓரத்து நாற்காலியில் டாக்டரின் மனைவி. அழுது முடித்த முகம். கால்களை நாற்காலிக்கு அடியில் மடக்கி வைத்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் முறைத்தார். பக்கத்தில் தொப்பையும் நோட்டுப் புத்தகமுமாக ஏட்டு.

"வா தாயி! உன் கைவண்ணத்தைப் பார்த்தியா?"

"சார், இது எப்படி..."

"அதைத்தான் நான் கேக்கறேன். முதல்ல இந்த எழவுல எது எதுன்னு சொல்லு. எனக்குப் புரியற மாதிரி!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கை தானாக மேலே போய்க் காட்டியது.

"நாலு மூலைக்கு நாலு தூண். தூணுக்குக் கீழ அடித்தட்டு. அதைத் தரையில ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கியிருக்கு. தூண் தலைக்கு மேல சுத்தி நாலு உத்திரம். முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, பக்கத்துக்கு ஒண்ணு. கூரையில தெரியற பலகைங்க ரிமோட்ல திரும்பும். வெயில் வேணும்னா திறக்கும், மழைன்னா மூடும். அதுங்க பக்கத்து உத்திரத்துல உக்காந்திருக்கு. அதான் அப்படியே நிக்குது."

"விழுந்தது?"

"முன் உத்திரம். காலை வெயில் முன்னாலதான் அடிக்கும். அதனால அதுல ஒரு திரை. சாயங்கால வெயிலுக்குப் பின் உத்திரத்துல ஒரு திரை."

"தினமும் காலையில திரையை இழுத்து விட்டுட்டு, அவர் இங்கதான் பேப்பர் படிப்பார்..." மனைவியின் குரல் உடைந்தது. "இன்னிக்கு இழுத்ததும்... அப்படியே..."

"திரையோட சேர்த்து நாப்பத்தஞ்சு கிலோ!" என்றார் இன்ஸ்பெக்டர். "எட்டடி உயரம். மனுஷன் தலை தாங்குமா?"

"சார், உத்திரத்தோட ஒவ்வொரு முனையையும் நாலு போல்ட் பிடிச்சிருக்கும். எட்டு போல்ட். இழுத்தா வராது. ஆனை இழுத்தாலும் வராது!"

"வந்திருக்கே!"

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை விரித்தார். உள்ளே எட்டு போல்ட்கள்.

"எல்லாம் தரையில கிடந்தது. ஒண்ணு கூட உடையலை. முறுக்காமலே விட்டுட்டுப் போயிருக்கே!"

"இல்ல சார்! ஒவ்வொண்ணும் நான் முறுக்கினது. முறுக்கினதும் மஞ்சக் கோடு..."

"தெரியும். நீ வர்றதுக்குள்ள விசாரிச்சேன். கோடு போடாம போல்ட்டை விட மாட்டியாம். கோடு இருந்தா முறுக்கினதுன்னு அர்த்தம். சரியா?"

"சரி சார்!"

"இதுல எங்க கோடு?"

அவள் குனிந்து பார்த்தாள்.

ஒன்று... இரண்டு... எட்டு!

ஒன்றின் தலையிலும் கோடு இல்லை!

எந்தக் கோட்டை நம்பிப் பதினோரு வருடம் தூங்கினாளோ, அந்தக் கோடே இன்று அவளைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

"போட்டோ ஏதாவது எடுத்து வெச்சியா?"

"இல்ல சார்... கோடே போதும்னு இருந்துட்டேன்..."

"நல்லா இருந்தே போ! யோவ் ஏட்டு, இந்தம்மாவை ஜீப்ல ஏத்து."

"சார்! அஞ்சு நிமிஷம்! ஒரே ஒரு தடவை ஏணி போட்டு மேல பார்த்துடறேன். என்னை நம்பி நாலு குடும்பம் இருக்கு சார்!"

இன்ஸ்பெக்டர் வாட்ச்சைப் பார்த்தார். "அஞ்சே நிமிஷம். ஆறாவது நிமிஷம் நீ ஜீப்ல!"

*

ஏணி.

முன் தூணின் தலை. போல்ட் இருந்த நான்கு துளைகளும் காலியாக அவளைப் பார்த்தன.

அவள் மூக்கு தகட்டைத் தொடுகிற அளவுக்கு நெருங்கினாள். சாய்த்துப் பார்த்தாள். வெயில் படும்படி இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள்...

"சார்! மேல வாங்க!"

"நான் எதுக்கு?"

"என் பேச்சை நம்ப வேண்டாம். உங்க கண்ணை நம்புங்க!"

இன்ஸ்பெக்டர் முனகியபடி பக்கத்து ஸ்டூலில் ஏறினார்.

"இந்தக் கறுப்பு பூச்சு வழவழன்னு இருக்கு இல்லையா? துளைக்குப் பக்கத்துல பாருங்க. ஒரு விரல்கடை நீளத்துக்கு மங்கலா வெளுத்திருக்கு. நாலு துளைக்குப் பக்கத்துலயும்!"

"ஆமா..."

"நான் கோடு போட்ட இடம் சார் அது! போட்ட கோட்டை யாரோ துடைச்சிருக்காங்க. சும்மா துணியால துடைச்சா பூச்சு மங்காது. ஏதோ காரமான மருந்து!"

இன்ஸ்பெக்டர் கண்களைச் சுருக்கினார். எதிர்ப்பக்கத் தூணுக்கும் போய்ப் பார்த்தார். அங்கேயும் நான்கு மங்கல் தடம்.

"சரி, துடைச்சிருக்காங்க. நீயே துடைச்சிருக்கலாமே?"

"என் கழுத்துக்கு நானே கயிறு போடுவேனா சார்? இன்னொண்ணு. அந்த போல்ட் தலையைப் பாருங்க. நட்சத்திரப் பள்ளம், நடுவுல ஒரு முள். சாதாரண ஸ்பேனர் உள்ள போகாது. அதுக்குன்னு தனி சாவி. பெட்டியோட ரெண்டே ரெண்டுதான் வரும். ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு வீட்டுக்காரங்க கிட்ட. இந்த எட்டுத் தலையிலயும் ஒரு கீறல் கூட இல்லை. அப்ப சாவி போட்டுத்தான் கழட்டியிருக்காங்க!"

இன்ஸ்பெக்டர் மனைவியின் பக்கம் திரும்பினார். "அந்த சாவி எங்கம்மா?"

"சாவியா?" அவள் நிமிர்ந்தாள். "எனக்குத் தெரியாது சார். அதெல்லாம் அவர்தான் வாங்கி வெச்சுக்கிட்டார்."

மஞ்சக்கோடு ஏணியிலிருந்தே அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

பொய்!

"மேடம்... அன்னிக்கு டாக்டர் போன்ல பேசிட்டே கீழ போயிட்டார். ஒரு மணி நேரம் ஒவ்வொரு பாகமா நான் விளக்கினது உங்களுக்குத்தானே? கோடு எதுக்குன்னு கூட கேட்டீங்களே! சாவி வாங்கிக்கிட்டு கையெழுத்துப் போட்டதும் நீங்கதான்!"

பையிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினாள். கீழே அழகான கையெழுத்து. சந்தேகமில்லாமல் டாக்டர் மனைவியுடையதுதான்.

"மறந்திருப்பேன்..." என்றாள் மனைவி. குரலில் இப்போது அழுகை இல்லை. "நம்பி வேலை கொடுத்தோம். இப்ப என் மேலயே பழி போடறீங்களா?"

மஞ்சக்கோட்டுக்கு ரத்தம் கொதித்தது. பொய் சொன்னது மட்டுமில்லை, தன்னை ஜெயிலுக்கு அனுப்பவும் துணிந்துவிட்டாளே!

"சார், இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கு?"

"ஒண்ணரை."

அவள் ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

*

பின் உத்திரம். அது அசையாமல் நின்றது. எட்டு போல்ட். எட்டுக் கோடு. எல்லாம் நேராக.

அவளுக்கு நம்பிக்கை கரைந்தது. இங்கே ஒன்றும் இல்லை...

மேகம் விலகியது. வெயில் விழுந்தது.

கோடு மினுமினுத்தது!

ஏணியில் இன்னொரு படி ஏறினாள்.

நகத்தால் சுரண்டினாள். கோடு தோலாக உரிந்து வந்தது.

"சார்! என் பெயின்ட் உரியாது. மினுங்கவும் மினுங்காது. இது நகப்பூச்சு!"

"என்னது?!"

"கோட்டை மட்டும் பார்த்து ஏமாந்துட்டேன், இந்த போல்ட் எட்டும் காயம் பட்டிருக்கு. தலையைச் சுத்தி பல் பல்லா தடம். சாவி இல்லாத யாரோ பைப் ரெஞ்ச் போட்டுக் கடிச்சுத் திருகியிருக்காங்க. அப்புறம் இன்னொருத்தர் சாவியால நல்லா முறுக்கி, புதுசா கோடு போட்டு மூடியிருக்காங்க!"

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். "இரு இரு... முன்னால சாவி போட்டு ஒருத்தர். பின்னால ரெஞ்ச் போட்டு இன்னொருத்தர். ரெண்டு கையா?"

"ரெண்டு கை சார். பின் திரையை யாரு இழுப்பாங்க?"

எல்லோரும் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"தினமும் சாயங்காலம் நான்தான் இழுப்பேன்," என்றாள் மனைவி மெதுவாக.

இன்ஸ்பெக்டர் அவளருகே போனார். அவள் கைவிரல்களைப் பார்த்தார். நகங்கள் பளிச்சென்று சுத்தமாக இருந்தன. ஒரு பொட்டு சாயமில்லை.

"கொஞ்சம் காலை வெளிய நீட்டும்மா."

அவள் அசையவில்லை.

"நீட்டும்மா!"

நாற்காலிக்கு அடியிலிருந்து கால்கள் மெதுவாக வெளியே வந்தன.

பத்து விரலிலும் மஞ்சள். மினுமினு மஞ்சள்!

*

"போன வியாழக்கிழமை என் நாற்காலியில கறுப்புத் தூள் கொட்டியிருந்தது," என்றாள் டாக்டர் மனைவி. முகத்தில் பயம் இல்லை. பெரிய களைப்பு மட்டும் இருந்தது. "ஏறிப் பார்த்தேன். எட்டுக் கோடும் ரெண்டா பிரிஞ்சு கிடந்துச்சு. போல்ட்டெல்லாம் கடைசி மரையில தொங்குது. திரையை இழுத்தா என் தலையில. ரெஞ்ச் இன்னும் அவர் கார் டிக்கியிலதான் இருக்கு, போய்ப் பாருங்க."

"பல்லைப் பிடுங்கின கை போல்ட்டையும் பிடுங்கியிருக்கு!" என்று முணுமுணுத்தார் இன்ஸ்பெக்டர். "எதுக்கும்மா?"

"வேற ஒருத்தி. நான் விவாகரத்துக்கு ஒத்துக்கலை. அன்னிக்கே எல்லாத்தையும் முறுக்கிட்டேன். அப்புறம்... முன்னால இருந்த எட்டையும் கடைசி மரைக்குக் கொண்டு வந்தேன். அங்க கோட்டை அழிச்சேன், இங்க பிரிஞ்ச கோட்டை அழிச்சுட்டுப் புதுசா வரைஞ்சேன். வரைஞ்சது நகப்பூச்சு, அழிச்சது நகப்பூச்சை அழிக்கற மருந்து."

"கோடு பிரிஞ்சதைப் பார்த்ததும் ஸ்டேஷனுக்கு வந்திருக்கலாமே?"

"வந்தேனே!"

இன்ஸ்பெக்டர் திகைத்தார்.

"வெள்ளிக்கிழமை காலையில. 'அலுமினியத்துல மஞ்சக் கோடு பிரிஞ்சுதுன்னு புகாரா? வீட்டுக்குப் போய்ப் புருஷனோட சமாதானமா இரும்மா'ன்னு சிரிச்சு அனுப்பிட்டாங்க."

"யாரு?!"

அவள் விரல் நீண்டது.

ஏட்டு தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மஞ்சக்கோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தான் தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதி வந்தது. கூடவே ஒரு வருத்தமும் வந்தது. ஒரு மணி நேரம் பாகம் பாகமாக விளக்கியபோது, காது கொடுத்துக் கேட்ட ஒரே வாடிக்கையாளர் இவள்தான்!

பெண் போலீஸ் ஒருத்தி வந்து டாக்டர் மனைவியை எழுப்பினாள். படி இறங்கும் முன் டாக்டர் மனைவி நின்று, மஞ்சக்கோட்டின் பக்கம் திரும்பினாள்.

"உங்க மேல பழி போட்டது தப்பு. மன்னிச்சுடுங்க. உங்க வேலையில ஒரு குறையும் இல்லை."

ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் அந்தக் கையெழுத்துத் தாளை இன்னும் புரட்டிக்கொண்டிருந்தார்.

"பத்து வருஷம் கேரண்டின்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே! ஒரே மாசத்துல எல்லாம் முடிஞ்சு போச்சே?"

மஞ்சக்கோடு ஏணியை மடக்கினாள்.

"கேரண்டி பெர்கோலாவுக்கு மட்டும்தான் சார்... அதுக்குக் கீழ நடக்கற குடும்பத்துக்கு இல்லை!"