கூப்பிட்ட குரலுக்கு

அப்டேட் முடிந்ததும் ஸ்பீக்கரிலிருந்து மணி அடிப்பது போல ஒரு சின்னச் சத்தம் வரும் என்று ஆப்பில் போட்டிருந்தது. மணிச் சத்தம் வரவில்லை. ஸ்பீக்கர் தொண்டையைச் செருமியது.

ஹால் மூலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சின்னவனுக்கு, பாதி திறந்திருந்த அப்பாவின் அறையிலிருந்து அது நன்றாகவே கேட்டது. அப்பாதான் என்று முதலில் நினைத்தான். ஆனால் பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவின் செருமலில் சளி குழைந்திருக்கும். இது காய்ந்த, சுருக்கமான, அடுத்தடுத்த இரண்டு செருமல். ஒவ்வொரு அழைப்பையும் எடுப்பதற்கு முன்னால் அவனே செய்வது. நாள் முழுக்கச் செருமுகிறவனுக்கு ஊரெல்லாம் தன்னைப் போலவே செருமுவதாகத்தான் படும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த அழைப்பை எடுத்தான்.

வாட்டர் ஹீட்டர் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் வேலை, வீட்டிலிருந்தபடியே. வெந்நீர் வராத அத்தனை பேரும் அவனைத்தான் திட்டுவார்கள். திட்டத் திட்ட அவன் குழைவான். "உங்க சிரமம் புரியுது சார், கொஞ்சம் லைன்ல இருங்க" என்று அவன் சொல்கிற அழகில் கோபத்தின் உச்சியில் நின்றவர்களும் இறங்கி வந்துவிடுவார்கள் என்று மேலதிகாரியே மெச்சியிருக்கிறார். அத்தனை குழைவும் ஹெட்செட்டிலேயே செலவாகிவிடும். பத்தடி தள்ளிப் படுத்திருக்கிற அப்பாவுக்கு மிச்சம் இருக்காது.

அப்பாவுக்கு நினைவு நழுவிக்கொண்டிருந்தது. முகங்கள் ஏற்கெனவே போய்விட்டன. "உங்க குரல வச்சுத்தான் அவர் உங்கள அடையாளம் தெரிஞ்சுக்கறாரு. பேசிட்டே இருங்க, அந்தப் பிடி விட்டுட்டா அப்புறம் உங்களையும் தெரியாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா கூப்பிடுவதும் அதற்குத்தான். தண்ணீருக்கோ மாத்திரைக்கோ அல்ல. "சின்னவனே" என்பார். ஒரே பிள்ளையைச் சின்னவன் என்று கூப்பிடுவது அவருடைய பழைய கிண்டல். பதில் வந்தால் அடங்குவார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கூப்பிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு அவன் மூன்று பதிவுகள் செய்தான். "இதோ வர்றேன்பா." "வேலையா இருக்கேன்பா, அஞ்சு நிமிஷம்." "தூங்குங்கப்பா, நான் இங்கதான் இருக்கேன்." மாத்திரைத் தட்டுக்குப் பின்னால் அந்த ப்ளூடூத் ஸ்பீக்கரை வைத்தான். அப்பா கூப்பிட்டால் கட்டைவிரலால் போனில் ஒரு தட்டு. உள்ளே அவன் குரல் பேசும், அப்பா "சரிடா" என்பார், ஹெட்செட்டில் வெந்நீர்க்காரர் தொடர்ந்து திட்டுவார்.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பகலில் வந்துபோகும் வேலைக்கார அம்மாவிடம், பாட்டுக்காக வாங்கியது என்றான். சொல்லும்போது காது சுட்டது.

சில நாட்களாகப் பதிவு பாதியில் அறுந்துகொண்டிருந்தது. "இதோ வர்..." என்று நின்றுவிட, அப்பா பதறினார். "என்னடா ஆச்சு? விழுந்துட்டியா? யாராவது வாங்களேன், பையன் விழுந்துட்டான்." எழுந்து பத்தடி நடந்து போய்த் தலையைக் காட்டியிருக்கலாம். அவன் ஸ்பீக்கரின் உள் மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் ஏதாவது இருக்கிறதா என்று தேடினான்.

இருந்தது. இன்று மதியம் அதைத் தொடங்கினான். முடிகிறவரை ஸ்பீக்கரை அணைக்கக் கூடாது, எதையும் ஒலிக்கவிடக் கூடாது. நீலக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. பாதியில் அப்பா கூப்பிட்டார். தட்டுவதற்கு எதுவும் இல்லை. மறுபடி கூப்பிட்டார், மறுபடியும். சின்னவன் அசையாமல் நீலக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், அது முடிந்தால் தன் கடமையும் முடிந்துவிடும் என்பதுபோல. கூப்பிட்டுக் கூப்பிட்டு அப்பா ஓய்ந்தார். அப்புறம்தான் அந்தச் செருமல்.

அதற்குப் பிறகு அப்பா அவனைக் கூப்பிடவே இல்லை. நிம்மதியாக இருந்தது, நிம்மதியாக இருந்ததை நினைத்தால் கேவலமாகவும் இருந்தது.

மாலையில் மழை இருட்டிக்கொண்டு வந்தபோது, பார்த்துக்கொள்ளும் அம்மா பையை எடுத்துக்கொண்டு அவன் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். உங்களப் பத்தி எனக்கு மனசுல ஒரு குறை இருந்துச்சு. பெத்த அப்பாவ எட்டிக்கூடப் பாக்க மாட்டேங்கறாரேன்னு. தப்பா நெனச்சுட்டேன்."

"ஏம்மா, என்னாச்சு?"

"நான் சமையல்கட்டுல இருந்து கேட்டுட்டுதான் இருந்தேன். மதியத்துல இருந்து எவ்வளவு பொறுமையாப் பேசறீங்க. அப்பா சிரிச்சு எத்தன மாசமாச்சு. மன்னிச்சுக்கங்க தம்பி."

மதியத்திலிருந்து அவன் நாற்காலியை விட்டு எழவில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தான். சொன்னால் ஸ்பீக்கரைச் சொல்ல வேண்டும், மூன்று பதிவுகளையும் சொல்ல வேண்டும்.

"பரவால்லம்மா," என்றான்.

அவர் போனார். படியில் அவர் செருப்புச் சத்தம் தேயும்வரை காத்திருந்து ஹெட்செட்டைக் கழற்றினான். காதுகளில் மழை வந்து விழுந்தது. மழைக்கு அடியில், மெல்ல, அவனுடைய குரல்.

போனைப் பார்த்தான். சாதனம் இணைக்கப்படவில்லை என்றது ஆப்.

கதவருகே போனான். பவுடரும் பினாயிலும் மருந்தும் கலந்த அந்த வாசனை, அதைத் தவிர்க்கத்தான் இத்தனை நாளும் வாசலிலேயே நின்றுவிட்டுப் போனான், இன்று முகத்தில் வந்து அப்பியது. விளக்கு எரிந்தது. அப்பா சுவர்ப் பக்கம் ஒருக்களித்திருந்தார். மாத்திரைத் தட்டுக்குப் பின்னால் ஸ்பீக்கர் இல்லை. அது தலையணையில் இருந்தது, அப்பாவின் முகத்துக்கு நேராக. அவருடைய வலது கை அதன் மேல். இயங்குகிற ஒரே கை.

"வெளிய ஒருத்தன் நாளெல்லாம் பேசிட்டே இருக்கானே, அது யாருடா?" என்று அப்பா கேட்டார்.

"அது யாரோ போன்ல வேல பாக்கறவருப்பா," என்றது அவன் குரல். அவன் ஒருநாளும் பேசாத நிதானத்தில். "இங்கல்லாம் வர மாட்டாரு. நீங்க சொல்லுங்க. அப்புறம் அந்த சைக்கிள் என்னாச்சு?"

அந்த சைக்கிள் கதையை அப்பா அவனிடம் சொல்ல எத்தனையோ முறை ஆரம்பித்திருக்கிறார். அவன் ஒரு முறையும் முடிக்க விட்டதில்லை.

"அப்பா," என்றான்.

அப்பாவின் கை ஸ்பீக்கரை இறுக்கியது. மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"யாருங்க நீங்க?"

நீங்க. அப்பா அவனை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"நான்தான்பா. சின்னவன்."

"சின்னவன் இங்க இருக்கான். நீங்க யாருங்க? எப்படி உள்ள வந்தீங்க?"

அவன் பாய்ந்தான். ஸ்பீக்கரைப் பிடித்து இழுத்தான். அப்பா விடவில்லை. மெலிந்த விரல்கள், நம்ப முடியாத பிடி. பொத்தானை அழுத்தினான். அழுத்தியே இருந்தான். அணையவில்லை. உள்ளங்கைக்கு அடியில் ஸ்பீக்கரின் வலைத் துணி ஈரமாக இருந்தது. ஏறியது. இறங்கியது. அப்பா அழ ஆரம்பித்தார்.

"சார்," என்றது ஸ்பீக்கர்.

குழைவான குரல். ஹெட்செட்டுக்கு மட்டும் அவன் வைத்திருந்தது.

"உங்க சிரமம் புரியுது சார். பெரியவருக்கு வலிக்குது பாருங்க. கைய எடுத்துக்கங்க சார்."

அவன் கையை எடுத்தான். அந்தக் குரலை எதிர்த்து நிற்க யாராலும் முடிந்ததில்லை. அப்பாவின் மணிக்கட்டில் அவன் விரல் பதிந்த சிவப்பு.

"போயிட்டாராடா?"

"போயிடுவாருப்பா. பாவம், வெக்கப்படறாரு."

முகம் எரிந்தது. பயத்தைவிட அதுதான் பெரிதாக இருந்தது. பின்புறமாகவே நடந்து ஹாலுக்கு வந்தான். ஒரு மன்னிப்பு, ஒரே ஒரு வார்த்தை, அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னாலும் யாரோ ஒருவர் சொன்னதாகத்தான் அவருக்குக் கேட்கும்.

கதவு மூடியது.

உள்ளிருந்து.

அப்பாவால் எழுந்து உட்காரக்கூட முடியாது.

தாழ்ப்பாள் ஏறியது. கதவுக்கு அடியில் வெளிச்சக் கோடு. கோட்டில் இரண்டு பாதங்களின் நிழல். வெறுங்கால்கள். நின்றன. திரும்பின. கட்டிலை நோக்கிப் போயின. கட்டில் முனகியது, பக்கத்தில் இன்னொருவர் வந்து உட்காரும்போது முனகுவதுபோல. அந்தச் சத்தத்தை அவன் இதுவரை கேட்டதில்லை. அவன் அங்கே உட்கார்ந்ததில்லை.

"ஏன்டா, கை இப்படிச் சில்லுன்னு இருக்கு?" என்றார் அப்பா, அவ்வளவு அன்பாக.

அப்புறம் அப்பா தன்னுடைய ஒற்றைக் கையால் இன்னொருவர் கையைத் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்குகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.