மல்லிப்பாத்திக்கு மேலே ஒரு ரயில்

"கால எடுங்க... மல்லிக்கொடி மேல நிக்கிறீங்க."

சகாயநாதன் திரும்பினான். பூக்கூடையோடு ஒருத்தி நின்றாள். மழைக்கு முன் வானம் கறுக்குமே... அப்படி இரண்டு கண்கள். காலை எடுக்க மறந்தே போனான்.

1936, ஆடி மாதம். அவன் பஞ்சாலையில் பிட்டர். சைகோனில் பிரெஞ்சு சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, நெல்லித்தோப்பில் குடியிருந்த, ஊரார் மரியாதையாக 'முசே' என்றழைக்கும் அலெக்சாண்டரின் தோட்டத்தில், சாவி கொடுத்தால் ஓடும் சின்ன ரயிலுக்குப் பாதை போட வந்திருந்தான். இவள் அவருடைய மகள் ஞானமேரி.

"பாதை இந்தப் பாத்தி வழியாத்தான் போவணும்ங்க."

"போவட்டும். ஆகாசத்துல போவட்டும்."

மறுநாளே சவுக்குக் கால்கள் வந்திறங்கின. இடுப்பு உயரத்துக்கு நட்டு, மேலே பலகை பரப்பி, தண்டவாளம் பதித்தான். கீழே மல்லி தன் பாட்டுக்குப் பூத்தது.

"நெசமாவே ஆகாசத்துல போட்டுட்டீங்களா... நான் சொன்னா எல்லாம் செய்வீங்களா?"

அவன் குனிந்து, பலகை மட்டம் பார்க்க வைத்திருந்த ரசமட்டத்தைப் பார்த்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

மாதா திருநாளுக்கு முந்தின நாள் ஓட்டிப் பார்த்தார்கள். நேர்ப்பாதையில் ஜோராக வந்த எஞ்சின், வளைவில் சாய்ந்து பெட்டிகளோடு கீழே விழுந்தது. மறுபடி ஓட்டினான். மறுபடியும் விழுந்தது.

"நாளைக்கி விருந்தாளிங்க முன்னாடி இது கவுந்தா என் மானம் போவும்," என்றார் முசே. "ஓடலன்னா பிரிச்சு எடுத்துகிட்டுப் போயிடு தம்பி. அப்புறம் இந்தப் பக்கம் வராத."

அவர் உள்ளே போனதும் தூறல் பிடித்தது. ரயில் போனால் போகட்டும்... இனி எந்தச் சாக்கில் இவளைப் பார்ப்பது?

ஞானமேரி குடையோடு வந்தாள்.

"மட்டம் ஒரு நூல்கூடப் பிசகல," என்றான்.

"அதான் தப்பு. திருப்பத்துல மட்டமாவா இருக்கணும்?"

"ரயிலப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" வெடுக்கென்று கேட்டுவிட்டான்.

அவள் முகம் வாடியது. திரும்பி நடந்தவள்... நின்றாள்.

"ரயில் தெரியாது. சப்பரம் தெரியும். மாதா சப்பரம் தெருமுனையில திரும்பறப்ப, வெளிப்பக்கம் தூக்கறவங்க தோள ஒசத்திக் குடுப்பீங்களே... அப்பதான சுரூபம் சாயாம வரும்?"

வருஷா வருஷம் அந்தத் தோளைக் கொடுப்பவனே அவன்தான். இது எப்படி மறந்தது?

"நான் தூக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மாடியிலேர்ந்து மாதாவத்தான் பாப்பேன்..." குடை தாழ்ந்து முகத்தை மறைத்தது. "அப்புறம் உங்கள."

அவள் குடை பிடிக்க, வளைவின் வெளிப்பக்கம் ஆப்பு செருகிப் பலகையை உயர்த்தினான். மழை விட்டபோதும் குடை மடங்கவில்லை...

மறுநாள் தோட்டம் நிறைய ஜனம். எஞ்சின் வளைவுக்கு வந்தது... உட்புறம் லேசாகச் சாய்ந்து, வழுக்கிக்கொண்டு திரும்பி, மல்லிப் பூக்களுக்கு மேலே பறப்பது போல் சுற்றிச் சுற்றி ஓடியது. கைதட்டலில் காக்கைகள் கிளம்பின. முசே தன் பக்கத்திலேயே நாற்காலி போடச் சொன்னார்.

"உக்காரு தம்பி. அம்மா சௌக்கியமா?"

இவர் எதற்கு அம்மாவை விசாரிக்கிறார்? புரியாமல் எழுந்து பாத்தியோரம் வந்தான். ஞானமேரி அங்கே இருந்தாள்.

"இனிமே எனக்கு இங்க வேல இல்ல," என்றான். "வேல இல்லாமலும் வரணும்போல இருக்கு... உங்களுக்காக."

"அம்மாவ கூட்டிகிட்டு வாங்க. பப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"எப்ப சொன்னீங்க?"

"ரயிலு ரெண்டாவது சுத்து வர்றப்ப."